ரைலி என்றோர் ஐரிஷ்காரன்

ட்ரென்டன், நியூ ஜெர்சி
5 நவம்பர் 1913

அன்புள்ள அக்கா பார்போராவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் அப்பா அம்மாவும் சுகமாயிருக்க வேண்டும். அப்பாவின் இருமல் குளிருக்குக் கூடியதா, குறைந்ததா?

இந்தக் கடிதத்தை வாய்விட்டு வாசிக்காதே. அடுப்படிக்கு எடுத்துப் போய்த் தனியாகப் படி. போய்விட்டாயா? இப்போது கேள். உன் தம்பி ரிவர்சைட் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். ஆமாம், ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்களே, அதே ரிவர்சைட்தான்.

நேற்று பீங்கான் ஆலையில் வேலை முடிந்து ஆட்டம் பார்க்கத்தான் போனேன். வாசலில் அணி முதலாளி மல்வி தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய ஐரிஷ் ஆட்டக்காரன் ரைலி, அதிகக் காசு கிடைக்கிறதென்று அன்று மதியமே வேறு ஊர் அணிக்கு ஓடிவிட்டானாம். என்னோடு வந்த ஆலைக்காரன் என்னை முன்னால் தள்ளி, சனிக்கிழமைகளில் நான் நம்மூர் லிதுவேனிய அணிக்கு ஆடுவதைச் சொல்லிவிட்டான். மல்வி என் தோளை மாடு வாங்குகிறவர்போலத் தட்டிப் பார்த்தார். பெயர் கேட்டார். கிப்ராஸ் ஜெம்குலிஸ் என்றேன்.

"அதை அச்சடிக்க இந்த ஊர்ல எழுத்து பத்தாது. ரைலின்னு நோட்டீஸ் ஒட்டியாச்சு. இன்னைக்கு நீதான் ரைலி," என்றார்.

அவ்வளவுதான், உள்ளே போய்விட்டேன். நம்மூரில் களத்தைச் சுற்றிக் கயிற்று வலை என்றால், இங்கே கம்பி வலை. மோதினால் கன்னத்தில் கோழிக்கூண்டு அச்சு விழுகிறது. பந்து வெளியே போகவே போகாது, ஆட்டமும் நிற்காது. நான் நான்கு கூடை போட்டேன், அக்கா. ஆட்டம் முடிந்து அதே களத்தில் பாண்டு வாசித்து நடனம். எனக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாயும் வியாழனும் வரச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை வழக்கம்போல ரயிலேறி நம்மூருக்கு ஆட வருவேன்.

யாரிடமும் மூச்சு விடாதே. வேறெந்த அணிக்கும் ஆடமாட்டேன் என்று நம் அணியை நடத்தும் சவப்பெட்டிக்கடை ஷிம்குஸிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அப்பாவைப்பற்றிச் சொல்லவே வேண்டாம். சுரங்கத்தில் அவர் வெட்டிய நிலக்கரியைக் குறைத்து எழுதிய அந்த ஐரிஷ் மேஸ்திரிக்குப் பிறகு, ஐரிஷ்காரன் பெயர் காதில் விழுந்தாலே அவருக்குச் சோறு இறங்காது. அவர் மகன் ஐரிஷ்காரனாகிவிட்டான் என்று தெரிந்தால்?

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி
கிப்ராஸ்

பைன்ரிட்ஜ், பென்சில்வேனியா
12 நவம்பர் 1913

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். அப்பாவின் இருமல் அப்படியே இருக்கிறது. திட்டும்போது மட்டும் வருவதில்லை.

அடுப்படியில் போய்ப் படி என்று எழுதிய புத்திசாலியே, அடுப்படியில்தானே அம்மா இருக்கிறார்கள். கடிதத்தை மறைக்கிற அவசரத்தில் உருளைக்கிழங்கைத் தீய்த்துவிட்டேன். ரைலியாமே ரைலி. ஆனாலும் நான்கு கூடை என்று படித்ததும் எனக்கு நின்ற இடத்தில் கால் நிற்கவில்லை. சொல்லமாட்டேன், பயப்படாதே. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பாய் என்பதுதான் தெரியவில்லை.

இன்னொன்று கேள். ஞாயிறன்று அப்பா முடிவெட்டும் கடையில் செய்தித்தாள் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொல்கிறார்: "ரிவர்சைட்ல ரைலின்னு ஒருத்தன் ஆடுறானாம். ஐரிஷ்காரன்னாலும் கால்ல வேகம் இருக்குன்னு போட்டிருக்கான்." எனக்குச் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் குனிய வேண்டியதாயிற்று.

அம்மாவின் வீரம் போன சனிக்கிழமை நீயே பார்த்தாய். வெளியூர்க்காரன் வலையோரம் வந்தால் நம்மூர்ப் பெண்கள் எல்லாருமே தொப்பியில் செருகும் ஊசியால் குத்துகிறவர்கள்தான். அம்மா குத்துவது வேறு ரகம். ஆட்டக்கூடத்துக் கணப்படுப்பு மூலையில் அந்த எதிரணி நெட்டையன் போட்ட சத்தத்துக்குப் பாதிரியாரே எழுந்து நின்றுவிட்டார். அம்மா முகத்தைப் பார்த்தால் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர்கள்போல இருந்தது.

நீ வராவிட்டால் ஆடுவதற்கென்று உட்கார்ந்திருக்கும் அடோமஸ்தான் பாவம். இந்தப் பருவத்தில் ஒருமுறைகூடக் களத்தில் இறங்கவில்லை. ஆனாலும் உன் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிவரை வருகிறான். ஒரு நன்றி சொல்லக்கூடாதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
பார்போரா

ட்ரென்டன்
4 டிசம்பர் 1913

அன்புள்ள அக்கா,

சுகம், சுகம், மிகவும் சுகம். நீங்கள் எல்லாரும் எப்படி?

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. நடுவர் பந்தை நடுவில் எறிகிறார், எங்கள் நெட்டையன் ஹாக்கின்ஸ் அதை என் பக்கம் தட்டுகிறான், எனக்கு முன்னால் இரண்டு பேர். கம்பி வலையில் பந்தை அடித்து, அது திரும்பி வருகிற இடத்துக்கு நான் ஓடிப் பிடித்து, பாதிக் களத்திலிருந்து எறிந்தேன். விழுந்தது. கூரை பறந்துவிடும்போலச் சத்தம். ரைலி, ரைலி என்று கத்துகிறார்கள், எனக்கும் அது என் பெயர்தான் என்று கொஞ்ச நேரம் தோன்றிவிட்டது.

சிக்கலும் அங்கேதான். போன வாரம் ஓர் ஆட்டம் முடிந்ததும் டன்லெவி அம்மாள் என்று ஒருவர் ஆப்பிள் பணியாரத்தோடு வந்து, "உங்க ஆளுங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே ஐரிஷ் ஊர் அப்பாவின் மேஸ்திரி பீற்றிக்கொண்ட கெர்ரி. கெர்ரி என்றேன். அவர்களும் கெர்ரியாம். கட்டிப்பிடித்து அழுதுவிட்டார். ஞாயிறு விருந்துக்குப் போகாமல் தப்பமுடியவில்லை. அங்கே பழைய பாட்டொன்று பாடச் சொன்னார்கள். நம் அறுவடைப் பாட்டை லிதுவேனிய மொழியிலேயே பாடிவிட்டேன். இவ்வளவு சுத்தமான ஐரிஷ் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று அவர் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு வரமுடியாது, அக்கா. அன்று மதியமும் இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமையும் இங்கே பெரிய ஆட்டங்கள். ஆலைச் சூளையில் கூடுதல் வேலை என்று வீட்டில் சொல். ஷிம்குஸிடமும் அதையே சொல்.

எல்லாருக்கும் என் வணக்கம்.

கிப்ராஸ்

பைன்ரிட்ஜ்
29 டிசம்பர் 1913

தம்பிக்கு,

பிறந்த பாலன் உன்னைக் காக்கட்டும். நாங்கள் நலம்.

சூளையில் வேலை என்று சொன்னேன். இப்போது அப்பா ஊரெல்லாம் உன் உழைப்பைப் பெருமையடிக்கிறார். கோயிலில் மந்திரித்த கிறிஸ்துமஸ் அப்பத்தை அவரே காகிதத்தில் சுற்றி இத்துடன் அனுப்பச் சொன்னார். உடைக்காமல் அனுப்பு என்று என்னைப் பத்துமுறை மிரட்டினார். நீ இல்லாத வீட்டில் நாங்கள் சாப்பிட்டோம், வேறென்ன எழுத.

சனிக்கிழமை உனக்குப் பதில் அடோமஸ் இறங்கினான். முதல் பாதியில் கைக்கு வந்த பந்தையெல்லாம் நழுவவிட்டான். இரண்டாம் பாதியில் வேறு ஆள். அவன் உன்னைப்போலப் பறக்கிறவன் இல்லை. எதிராளி போகப்போகிற இடத்தில் முன்னதாகவே போய் நின்றுகொள்கிறான், அவர்கள் வந்து மோதி விழுகிறார்கள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டு அப்படியே ஆடினார். கடைசியில் போட்ட கூடையை நீ பார்க்கவில்லையே. இரண்டு கையாலும் கீழிருந்து தூக்கிப் போட்டார், வளையத்தில் படவே இல்லை. ஊரே தூக்கிக்கொண்டு போயிற்று. ஆட்டம் முடிந்து உதட்டுக்கு மருந்து போட வேறு யாரும் இல்லாததால் நான்தான் போட்டேன்.

நீ இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறார்கள்.

பார்போரா

ட்ரென்டன்
14 ஜனவரி 1914

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். அப்பம் உடையாமல் வந்தது. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஒரு விள்ளல் கொடுத்துவிட்டு மீதியைத் தின்றேன். சுற்றியிருந்த காகிதத்தை எறியாமல் வைத்திருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லாதே.

இரண்டு அணியும் அதனதன் போட்டிப் பட்டியலில் முதலிடம். செவ்வாய்க்கிழமை ரைலி ஜெயிக்கிறான், சனிக்கிழமை ஜெம்குலிஸ் ஜெயிக்கிறான். என்னைப்போல அதிர்ஷ்டக்காரன் உண்டா? இந்த இரண்டு பட்டியலும் தனித்தனி உலகம், ஒன்றையொன்று எட்டிப்பார்ப்பதில்லை. அதனால் நீ பூசணிக்காயைப்பற்றிக் கவலைப்படாதே.

ஒன்று கேட்க வேண்டும். அடோமஸ் ஆடியதைப்பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். என் ஆட்டத்தைப்பற்றி நீ இரண்டு வரிக்கு மேல் எழுதியதே இல்லையே?

அம்மாவின் காலுறைக்குக் காத்திருக்கும்,
கிப்ராஸ்

பைன்ரிட்ஜ்
24 பிப்ரவரி 1914

அன்புத் தம்பி,

எல்லாரும் சுகம். நான் மட்டும் நேற்றிலிருந்து சுகமில்லை.

நேற்று மாலை ஷிம்குஸ் சங்கக் கூடத்தில் மணியடித்து ஊரைக் கூட்டினார். நம் பட்டியலின் முதல் அணியும் உங்கள் பட்டியலின் முதல் அணியும் மோதிப் பார்ப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்களாம். மூன்று ஆட்டம். முதலாவது ட்ரென்டனில், இரண்டாவது பொதுவான ஊரில், மூன்றாவது இங்கே. நம் செயின்ட் ஜார்ஜ் அணிக்கு எதிரே யார் தெரியுமா? உன் ரிவர்சைட்.

ஊருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. ஷிம்குஸ் தம் சவ வண்டிக்குப் புதிதாக வர்ணம் அடிக்கிறார், அணி அதில்தானே ரயிலடிக்குப் போகவேண்டும். அப்பா எழுந்து நின்று, "அந்த ரைலியை எம் மகன் பாத்துக்குவான்," என்று சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்வேன்?

எந்தப் பக்கம் ஆடப்போகிறாய்? எனக்கு மட்டுமாவது எழுது. யாருக்காகவும் பார்க்காதே. நீ வந்தால் யார் வெளியே உட்கார வேண்டியிருக்கும், வராவிட்டால் யார் உன்னை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை.

உடனே பதில் போடு.

பார்போரா

பைன்ரிட்ஜ்
9 மார்ச் 1914

தம்பிக்கு,

நலம்தானா? பதிலே இல்லை. இரண்டு சனிக்கிழமையாக நீயும் வரவில்லை.

ஷிம்குஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். உன் காலில் வீக்கம் என்றேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் நம்பாமல் அப்பாவைப் பார்த்தார். "எம் பையன் வருவான். நான் சொல்றேன்," என்றார் அப்பா. ஷிம்குஸ் அவருக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து போனார். அப்பா வாக்குக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை, கிப்ராஸ். அவர் கொடுக்கிறவர் இல்லை.

என்னை இப்படி வதைக்காதே. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் போதும். எதுவானாலும் எழுது.

அக்கா

ட்ரென்டன்
18 மார்ச் 1914

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன், எல்லாரும் சுகமா?

இதற்குள் ஊருக்குத் தெரிந்திருக்கும். நேற்று நான் ரிவர்சைடுக்கு ஆடினேன். எழுதப் பலமுறை உட்கார்ந்தேன், கை வரவில்லை. காரணம் இதுதான். அடுத்த ஆண்டு முழுவதும் என்னை வைத்துக்கொள்வதாக மல்வி சொல்லியிருக்கிறார். ஆலை வேண்டாம், சுரங்கம் வேண்டாம், ஆடுவது ஒன்றே வேலை. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று நம் ஆட்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குக் கிடைத்திருக்கிறது. இந்த மூன்று ஆட்டத்தில் விட்டுப்போனால் அது இன்னொரு ரைலிக்குப் போய்விடும்.

நேற்று ஐரிஷ்காரர்களின் பேட்ரிக் திருநாள். டன்லெவி அம்மாள் என் மார்பில் பச்சை ரிப்பன் குத்திவிட்டார். அதோடு களத்தில் இறங்குகிறேன், எதிரே நம் பையன்கள். நடுவர் கை குலுக்கச் சொன்னார். அடோமஸ் என் கையைப் பிடித்து, "நல்லா இருக்கீங்களா, மிஸ்டர் ரைலி?" என்றான். என்னிடம் இங்கிலீஷில் பேசினான், அக்கா. சின்ன வயதிலிருந்து என்னோடு ஒரே ஆற்றில் குளித்தவன்.

நாங்கள் ஜெயித்தோம். அடோமஸ் கடைசிவரை என்னைவிட்டு நகரவில்லை, இரண்டு கூடைக்கு மேல் போடவிடவில்லை. நீ அன்று எழுதியது சரிதான்.

அப்பா என்ன சொன்னார்?

கிப்ராஸ்

பைன்ரிட்ஜ்
23 மார்ச் 1914

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம்.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாய். ஷிம்குஸ் வந்து, உங்கள் மகன்தான் அந்த ரைலி என்றார். அப்பா புகைக்குழாயைப் பற்றவைத்தார். நிதானமாக, "எம் மகன் ட்ரென்டன்ல பீங்கான் ஆலையில வேலை பாக்குறான். ரைலின்னு எனக்கு யாரையும் தெரியாது," என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை உன் பெயரைச் சொல்லவில்லை.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஒருவரும் உன்னைத் திட்டுவதில்லை, திட்டினால்கூடத் தேவலை. கடையில், கிணற்றடியில், எங்கும் அந்த ஐரிஷ்காரன் என்றுதான் பேச்சு. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரே, "ரைலி இடதுகைக்காரனோ?" என்று என்னைக் கேட்டார்.

இரண்டாவது ஆட்டத்தில் நாம் ஜெயித்தது உனக்குத் தெரியும். நாம் என்றுதான் எழுதுவேன், என்ன செய்துகொள்வாய்? இனி வரும் சனிக்கிழமை இங்கே முடிவாட்டம். கூடத்தில் இப்போதே இடம் இல்லை. அம்மா வழக்கமான கணப்படுப்பு மூலையில்தான் நிற்பார்களாம். "ஐரிஷ்காரன் எவனா இருந்தா என்ன, வலைகிட்ட வந்தா குத்துவேன்," என்று பெண்கள் முன்னால் சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உன் காலுறையைப் பின்னி முடித்தார்கள்.

அந்த மூலைக்குப் போகாதே, கிப்ராஸ். வேறெங்கு வேண்டுமானாலும் ஓடு.

பார்போரா

ட்ரென்டன்
30 மார்ச் 1914

அன்புள்ள அக்கா,

இன்றுதான் மூச்சு வந்தது. நீ சுகமா? அம்மா?

நீ வலைக்கு வெளியே நின்றாய். உள்ளே நடந்ததை நான் எழுதுகிறேன். இந்த உலகத்தில் வேறு யாரிடம் சொல்வேன்?

கூடத்தில் நுழையும்போது கூச்சல் போடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். யாரும் கத்தவில்லை. "வாங்க மிஸ்டர் ரைலி" என்று மரியாதையாக வழிவிட்டார்கள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி தலை குனிந்து வணக்கம் சொன்னார். முதல் பாதியில் ஒரு கூடைகூட விழவில்லை. மல்வி இடைவேளையில், "எவன்டா நீ, ரைலியா, ரைலியோட பாட்டியா?" என்றார்.

அந்தக் கோபத்தில்தான் கை திறந்தது. மூன்று கூடை அடுத்தடுத்து. அடோமஸ் கயிற்று வலையில் முதுகைக் கொடுத்துத் துள்ளி வந்து என்மேல் விழுகிறான், நான் அவனைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறேன், ஷிம்குஸ் வலையைப் பிடித்து மரம் உலுக்குவதுபோல உலுக்குகிறார். இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு. கடைசி நிமிடம். ஹாக்கின்ஸ் கையிலிருந்து பந்து நழுவிக் கணப்படுப்பு மூலைக்கு உருள்கிறது.

நீ எச்சரித்தது ஞாபகம் வந்தது, அக்கா. போனேன். அடோமஸும் வந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பந்தின்மேல் விழுந்தோம், வலை எங்கள் தோளில். பந்து அவன் பிடியில்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு முழத் தூரத்தில் அம்மா முகம். கையில் ஊசி, அந்த நீலக் கண்ணாடித் தலை ஊசி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். குத்தட்டும் என்று நினைத்தேன். நான் ரைலிதானே.

கத்தியது அடோமஸ்.

பந்து என்னிடம் வந்துவிட்டது. யோசிக்கவில்லை, எறிந்தேன், விழுந்தது, மணி அடித்துவிட்டது. நான் ஜெயித்தேனா, அம்மா ஜெயித்தார்களா தெரியவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. ஷிம்குஸ் ஓடிவந்து என்னடா ஆயிற்று என்று அடோமஸைக் கேட்டார். அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். பிறகு உன்னைப் பார்த்தான். "கால் பெசகிடுச்சு," என்றான். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கூடை செல்லாமல் போயிருக்கும், ஊர் தோற்றிருக்காது. ஏன் சொல்லவில்லை? ஒரு பருவம் முழுக்க என் பையைத் தூக்கினவன் இதையும் ஏன் எனக்காகத் தூக்க வேண்டும்? எனக்காகத்தானா? சொல், அக்கா.

ரயிலுக்கு நேரம் இருந்தது, வீட்டுக்கு வந்தேன். அப்பாதான் கதவைத் திறந்தார். "யாரு வேணும் ஐயா? ரைலின்னு இங்க யாரும் இல்லை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழி தவறி வந்தவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நீயும் அம்மாவும் இன்னும் கூடத்திலிருந்து திரும்பவில்லை. ரயிலில் எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நானும் வாயசைத்தேன்.

கிப்ராஸ்

பைன்ரிட்ஜ்
5 ஏப்ரல் 1914, குருத்தோலை ஞாயிறு

என் அருமைத் தம்பி,

நலமாயிரு. நாங்கள் நலம். அடோமஸுக்குக் காயம் ஆறிவிட்டது, நொண்டாமல் நடக்கிறார்.

அவர் மறைத்தது உனக்காக இல்லை. எனக்காக. கிறிஸ்துமஸிலிருந்தே எழுத நினைத்து எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். நானும் அவரும் கல்யாணம் செய்துகொள்கிறோம். நீ சனிக்கிழமைதோறும் வந்து கூடை போட்டுக்கொண்டிருந்தபோது, உன் ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைத்தான் பார்த்தேன். நீ எந்தப் பக்கம் ஆடப்போகிறாய் என்று கேட்டபோது, வராதே, அவர் ஆடட்டும் என்று ஒரு மனம் சொல்லிற்று. என் தம்பி வரட்டும் என்று இன்னொரு மனம். உன்னைத் திட்ட எனக்கு வாய் எழாததற்கு அதுதான் காரணம்.

அம்மாவைக் கேட்டேன், ஏன் அவரைப் போய்க் குத்தினீர்கள் என்று. கண் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். அந்தக் கண்ணுக்குத்தான் கிணற்றடியில் நான் யாரோடு பேசுகிறேன் என்பது வீட்டிலிருந்தே தெரிகிறது. விடாமல் கேட்டேன். "ரெண்டு பேரும் நம்ம பிள்ளைங்கதான்டி. ஒருத்தன் வீட்டுக்குள்ள வரப்போறவன், பொறுத்துக்குவான். வெளியில நிக்கிறவனுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்றார்கள்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் கழித்து வரும் திங்களன்று கல்யாணம். அப்பா சம்மதித்துவிட்டார். உனக்கு அழைப்பு அனுப்பலாமா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். நான் கூப்பிடலாம், ஆனால் அந்தக் கதவைத் திறக்க வேண்டியவர் அவர். திறக்காமல் நீ மறுபடியும் வாசலோடு திரும்பினால் என் கல்யாணத்தன்று நான் தாங்கமாட்டேன்.

உன்னை எப்போதும் நினைக்கும்,
அக்கா

பைன்ரிட்ஜ்
14 ஏப்ரல் 1914

மதிப்பிற்குரிய திரு. ரைலி அவர்களுக்கு,

ஆண்டவர் உயிர்த்த திருநாள் வாழ்த்துகள். தாங்கள் நலம் என்று நம்புகிறேன். நான் நலம். இருமல் பரவாயில்லை.

தங்களை எனக்குப் பழக்கமில்லை. ஒருமுறை வாசலில் பார்த்தேன், உட்காரச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அது எங்கள் ஊர் வழக்கம் இல்லை. தாங்கள் மனதில் வைக்க வேண்டாம்.

தாங்கள் போட்ட கடைசிக் கூடையைப் பார்த்தேன். ஆறு பேர் தோளுக்கு மேல் ஓர் எறி. நல்ல எறி. அதில் பெண்கள் கைவரிசை இருந்ததாகக் கேள்வி. வீட்டில் விசாரிக்க எனக்குத் தைரியமில்லை. அடுத்த ஆண்டு முழுக்க ஆடப்போகிறீர்களாம். பகல் வெளிச்சத்தில் நின்று பிழைக்கிற வேலை எதுவானாலும் நல்ல வேலைதான். முப்பது வருடம் மண்ணுக்கடியில் இருந்தவன் சொல்கிறேன்.

எழுதியது வேறொரு காரியத்துக்காக. தங்கள் ஊரில் என் மகன் ஒருவன் இருக்கிறான். கிப்ராஸ் ஜெம்குலிஸ் என்று பெயர். இருபத்தேழாம் தேதி அவன் அக்காவுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மணப்பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் சகோதரன் உட்கார்ந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அவனிடம் பேரம் பேசி, பாட்டில் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் அந்த இடத்தை வாங்க வேண்டும். மாப்பிள்ளைப் பையன் நல்லவன், ஆனாலும் அவனுக்கு அது சுலபமாகக் கிடைக்கக்கூடாது. எனக்கு வேறு மகன் இல்லை.

அவனை வழியில் எங்காவது பார்த்தால் வரச் சொல்லுங்கள். அப்பா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார் என்று சொல்லுங்கள். அவன் அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று எழுதச் சொன்னாள். அது பொய், நன்றாகச் சாப்பிடுகிறாள். அழுவதுதான் உண்மை.

தாங்களும் அவனோடு வரலாம். ஐரிஷ்காரருக்கென்று இந்த வீட்டில் தனித் தட்டு வைக்கமாட்டேன். அவன் தட்டிலேயே சேர்ந்து சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிப்ராஸின் அப்பா